வேலை வேனின் தரைக்குக் கண்ணாடியிழை: தகரத்தின் மேலேயா, பலகையின் மேலா?

ஈரத்தரை எழுதியது:

வணக்கம். கட்டடங்களின் சன்னல் கண்ணாடிகளையும் வெளிச்சுவர்களையும் கழுவிக் கொடுப்பது என் தொழில். வேனுக்குள் 400 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, பம்பு, குழாய்ச் சுருள் எல்லாம் நிரந்தரமாக இருக்கின்றன. தினமும் ஏதாவது ஓர் இணைப்பு கசியும். கசியாவிட்டாலும், நனைந்த குழாயைச் சுருட்டி உள்ளே வைத்தாலே தரை குளமாகிவிடும்.

போன வாரம் தொட்டியை இறக்கிவிட்டுத் தரைப்பலகையைப் பெயர்த்தேன். மேலே பார்வைக்கு நன்றாகவே இருந்தது; ஸ்க்ரூக்களைச் சுற்றி மட்டும் கறுப்பு வளையம். கடப்பாரை நுனியைக் கொடுத்து நெம்பினேன். பிளைவுட்டின் மேல் அடுக்கு மட்டும் தனியாகக் கையோடு வந்தது. அடியில் இருந்த அடுக்குகள் ஊறிய அட்டையைப்போல விரலுக்கே பிய்ந்தன. அதற்கும் கீழே, தகரத்தின் வரிப்பள்ளங்களில் துரு கரைந்த தண்ணீர் காவி நிறக் குழம்பாக நின்றது. நான்கு ஆண்டுகளாக இதன் மேல்தான் தொட்டியை ஏற்றி ஓட்டியிருக்கிறேன் என்பதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

இனி மரமே வேண்டாம் என்று தோன்றுகிறது. துருவைச் சுரண்டி எடுத்துவிட்டு, தகரத்தின் மேலேயே கண்ணாடியிழை மேட்டை (இழைகளைப் பசையால் சேர்த்த விரிப்பு) விரித்து, இறுகிக் கெட்டியாகும் பாலியஸ்டர் ரெசினைப் பூசிவிடலாமா? தரை சுமார் 5 சதுர மீட்டர் வரும். இதற்கு முன் ரெசினைக் கையால் தொட்டதுகூட இல்லை.

நான்குசக்கரம் எழுதியது:

இவ்வளவு பாடு எதற்கு, நண்பரே? புதிய பலகையைப் போட்டு, அதன் மேல் ஒரே துண்டாகக் கனமான வினைல் விரிப்பை ஒட்டி, ஓரங்களைச் சுவர்மேல் ஒரு சாண் ஏற்றிவிடுங்கள். அரை நாள் வேலை. கெட்டுப்போனால் உரித்துவிட்டு வேறு போட்டுக்கொள்ளலாம். ரெசின் போட்ட தரையை உரிக்க முடியாது என்பதையும் யோசியுங்கள்.

படகுத்தச்சன் எழுதியது:

ஈரத்தரை ஐயா, தகரத்தின் மேல் நேராகப் போடாதீர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் படகுகளுக்கு ஃபைபர் வேலை செய்து வருகிறவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

பாலியஸ்டர் இறுகும்போது சுருங்கும். அதன் கன அளவில் 5 முதல் 8 சதவீதம் வரை குறையும். மரத்தில் அது நாருக்குள் ஊறிப் பிடித்துக்கொள்வதால் இந்தச் சுருக்கத்தைத் தாங்கும். வழுவழுப்பான தகரத்தில் அதற்குப் பிடிமானமே கிடையாது. முதல் நாளிலேயே ஓரங்களில் இழுவிசை தொடங்கிவிடும். அதற்கு மேல், வெயிலில் வேன் சூடாகும்போது இரும்பு விரிவதைவிட இந்த ஃபைபர் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். இரவில் இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கும். போதாக்குறைக்கு வண்டி ஓடும்போது தரைத்தகரம் ஓயாமல் அதிரும், முறுக்கிக்கொள்ளும். எங்கோ ஒரு மூலையில் ஒட்டு விட்டு, மயிரிழை அளவு இடைவெளி விழும். தண்ணீர் அதில் நுழையும். நுழைந்தது வெளியே வராது. மேலே பளபளவென்று தரை இருக்கும், அடியில் தகரம் தின்னப்பட்டுக்கொண்டிருக்கும். இப்போது உங்கள் பலகைக்கு நேர்ந்தது நாளை வண்டிக்கே நேரும்.

மரத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். அது நனைந்ததால் மட்டும் அழுகவில்லை, காய வழியில்லாமல் அழுகியது. தகரத்துக்குத் துரு நீக்கி, துருத்தடுப்புப் பூச்சும் பெயின்ட்டும் கொடுங்கள். நீர் தாங்கும் பசையால் ஒட்டிய, கொதிநீருக்கும் அடுக்கு விடாத வகைப் பிளைவுட் 12 மில்லிமீட்டரில் வாங்குங்கள். பலகையின் அடிப்பக்கத்துக்கும் நான்கு விளிம்புகளுக்கும் வண்டிக்குள் வைப்பதற்கு முன்பே ரெசின் பூசிவிடுங்கள். விளிம்புக்கு இரண்டு மூன்று தடவை வேண்டும். நார் வெட்டுப்பட்ட முகம் தாகமெடுத்தவன் தண்ணீர் குடிப்பதுபோல ரெசினைக் குடிக்கும். அது குடிப்பதை நிறுத்தும்வரை கொடுங்கள். மேட் விரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு, பலகையின் மேல்முகத்தில்.

தகரத்தின் வரிப்பள்ளங்களை எதையும் வைத்து அடைக்காதீர்கள். தரையின் அடியில் தொழிற்சாலையே விட்டிருக்கும் வடிகால் துளைகளையும் திறந்தே வையுங்கள். தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே குளிரில் வியர்க்கும் ஈரம் போக அவைதான் வழி.

நான்குசக்கரம் சொன்ன வினைலையும் நான் இகழ மாட்டேன். பெட்டிகளும் கருவிகளும் ஏற்றும் வண்டிக்கு அது போதும். ஆனால் 400 கிலோ தொட்டியைப் போல்ட் போட்டு இறுக்க வேண்டிய தரையில், ஒவ்வொரு போல்ட்டும் விரிப்பில் ஓர் ஓட்டை.

மரச்சுருள் எழுதியது:

பலகை பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் ஏன் பாலியஸ்டர்? மேசைப் பலகைகளுக்கு எபாக்சி என்ற இருபாக ரெசினை ஊற்றுவது என் அன்றாட வேலை. எபாக்சி மரத்தை அதைவிட இறுகப் பிடிக்கும், சுருக்கம் மிகக் குறைவு, பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பானின் நாற்றமும் இல்லை. ஈரத்தரை மூடிய வண்டிக்குள் குனிந்து வேலை செய்யப்போகிறார் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லையே!

படகுத்தச்சன் எழுதியது:

மரச்சுருள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பணம் ஒரு பொருட்டில்லை என்றால் எபாக்சிதான் உயர்ந்தது. ஆனால் புதிதாகக் கை வைப்பவர் சிலவற்றைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

எபாக்சிக்கு நறுக்கிழை மேட் பெரும்பாலும் ஒத்துவராது. அந்த மேட்டில் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை, பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகவே வைக்கப்பட்டது. எபாக்சியில் ஸ்டைரீன் இல்லை, பசை கரையாது, மேட் விறைப்பாக நின்று மூலையில் மடங்க மறுக்கும். எபாக்சிக்கு நெய்த இழைத்துணி வாங்க வேண்டும். இரண்டாவது, எபாக்சியின் இரு பாகங்களையும் சொன்ன விகிதத்தில் அணு பிசகாமல் கலக்க வேண்டும். வேகமாக இறுகட்டும் என்று ஹார்டனரை, அதாவது இறுகவைக்கும் பாகத்தை, கூட்டினால் அது இறுகவே இறுகாமல் ரப்பராக நிற்கும். மூன்றாவது, எபாக்சியின் மேல் பாலியஸ்டர் டாப்கோட்டை, அதாவது கடைசி மேற்பூச்சை, நம்பிப் பூச முடியாது. எபாக்சியில் தொடங்கினால் எபாக்சியிலேயே முடிக்க வேண்டும்.

எபாக்சிக்கு நாற்றம் இல்லையே என்று வெறுங்கையால் தொட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். தோல் ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் ஆயுளுக்கும் போகாது. என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் அதனாலேயே தொழிலை விட்டார்.

மரச்சுருள் எழுதியது:

ஒவ்வாமை பற்றிச் சொன்னதற்கு நன்றி, ஐயா. நானும் கையுறை இல்லாமல் ஒரு சொட்டுகூடத் தொடுவதில்லை. விகிதத்தைத் தராசில் நிறுத்துக் கலந்தால் எபாக்சி யாருக்கும் வரும் என்பதில் மட்டும் என் கருத்து மாறாது. முடிவு ஈரத்தரையுடையது.

கூரைக்காரர் எழுதியது:

தட்டைக் கூரைகளுக்கு ஃபைபர் போடுவது என் வேலை. எந்த ரெசின் என்று நீங்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் பார்த்த தோல்விகளில் ரெசின் குற்றவாளியாக இருந்ததே அரிது. பலகையின் ஈரம், பலகைகளின் சேர்க்கை, மூலை. இந்த மூன்றில் ஒன்றில்தான் போகும்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கூரையில் பலகைகளை விரித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். பத்து நிமிடத் தூறல். வெயில் வந்ததும் மேலே காய்ந்தாற்போல் தெரிந்தது, போட்டுவிட்டேன். மறுநாள் பார்த்தால் தரையெங்கும் சுண்டுவிரல் நகம் அளவு வெண்கொப்புளங்கள். ஈரம் இருக்கும் இடத்தில் ரெசின் சரியாக இறுகாது, மரத்தையும் பிடிக்காது. மொத்தத்தையும் என் கைக்காசில் பெயர்த்தேன். மரத்தின் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை ரெசின் டின்னைத் திறக்காதீர்கள். ஈரமானியை யாரிடமாவது இரவல் வாங்கியாவது பாருங்கள்.

சேர்க்கை: இரண்டு பலகைகள் சும்மா முட்டிக்கொண்டு நின்றால் மிதிக்கும்போது ஒன்று தாழும், மற்றது நிற்கும். அதன் மேல் போட்ட ஃபைபர் அந்தக் கோட்டிலேயே விரியும். விளிம்புகளில் பாதிப் பாதி வெட்டி ஒன்றன்மேல் ஒன்று உட்காரவைத்துப் பசையிடுங்கள். பிறகு அந்தக் கோட்டின் மேல் 10 சென்டிமீட்டர் அகல மேட் பட்டையைத் தனியாக முதலில் போட்டுவிட்டு, முழு விரிப்பை அதற்கு மேல் போடுங்கள்.

மூலை: கண்ணாடியிழை நேர்க்கோண மடிப்பை வெறுக்கிறது. உள்மூலையில் மேட் எழும்பி நிற்கும், அடியில் காற்று தங்கும், அந்த இடம் முட்டையோடு போல ஆகிவிடும். தரையும் ஓரப்பலகையும் சேரும் இடமெங்கும் ரெசின் புட்டியை வைத்து, வளைந்த கரண்டியின் முதுகால் இழுத்துக் குழிவாக்கிவிடுங்கள். வெளிமூலைகளை உப்புத்தாளால் தேய்த்து உருட்டுங்கள்.

ஈரத்தரை எழுதியது:

தகரத்தின் மேல் போடும் யோசனையைக் கைவிட்டுவிட்டேன். பாலியஸ்டரே எடுக்கிறேன். டாப்கோட்டையும் அதிலேயே முடிக்க வேண்டும் என்பதால் இந்த முடிவு; மரச்சுருள் மன்னிக்க வேண்டும். மூன்று பக்கமும் 8 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஓரப்பலகை நிறுத்தித் தட்டுபோல ஆக்கப்போகிறேன். எவ்வளவு பொருள் வாங்குவது? ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் அளவு என்ன? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

கூரைக்காரர் எழுதியது:

ஓரங்களையும் சேர்த்து 6 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட், இரண்டு அடுக்கு. மேட் ஐந்தரைக் கிலோ வரும். மேட்டின் எடையைப்போல இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும். அது பதினாலு கிலோ. பலகையை ஊறவைக்க ஒரு மூன்று கிலோ. சிந்துவதையும் சேர்த்து 20 கிலோவாக வாங்குங்கள். டாப்கோட் சதுர மீட்டருக்கு சுமார் 600 கிராம் தேவை. இறுகியபின் இரண்டு அடுக்கும் சேர்ந்து ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனம் நிற்கும், அது போதும்.

கேட்டலிஸ்ட் 1 முதல் 2 சதவீதம், எடைக்கணக்கில். அதாவது ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம். வெயில் நாளில் குறைவு, குளிர்ந்த நாளில் கூடுதல். ஒரு சதவீதத்துக்குக் கீழே போனால் உள்ளே இறுகாது, மூன்றைத் தாண்டினால் நொறுங்கும். 15 பாகைக்குக் கீழே குளிர் இருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். கலந்ததும் வாளியிலேயே வைத்திருந்தால் தன் சூட்டில் தானே கொதித்துப் புகையும். தரையில் பரப்பிவிட்டால் அந்தச் சூடு பிரிந்து போய்விடும்.

விரிக்கும் முறையைச் சொல்கிறேன். மேட்டைக் கத்தரியால் வெட்டாமல் ஓரத்தைக் கையால் பிய்த்தெடுங்கள்; நார் நாராக நிற்கும் ஓரம் அடுத்த துண்டோடு மேடு தெரியாமல் கலந்துவிடும். துண்டுகள் 5 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். முதலில் பலகைக்கு ரெசின், அதன் மேல் மேட், அதன் மேல் ரெசின். உடனே ரோலரை எடுத்துத் தேய்க்காதீர்கள், இழை சுருண்டு ரோலரோடு வந்துவிடும். இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். பனிபோல வெளுத்திருந்த மேட் மெல்ல மெல்ல மறைந்து, அடியிலுள்ள மரத்தின் ரேகை தெரியத் தொடங்கும். பசை கரைந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்போது பள்ளம் வெட்டிய உலோக ரோலரை நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓட்டுங்கள். காற்றுக்குமிழ்கள் சின்னச் சத்தத்தோடு உடைவது காதில் கேட்கும். எங்காவது வெள்ளைத் திட்டு மிச்சமிருந்தால் அங்கே ரெசின் போதவில்லை அல்லது காற்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு நகராதீர்கள்.

மரச்சுருள் எழுதியது:

மன்னிப்பெல்லாம் எதற்கு, ஈரத்தரை! ஆனால் பாலியஸ்டர் என்று முடிவெடுத்தபின் இதைப் படிக்காமல் டின்னைத் திறக்காதீர்கள்.

ஸ்டைரீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனமானது. அது மேலே எழும்பிப் போகாது, தரையில் தேங்கும். நீங்கள் மண்டியிட்டு முகத்தை வைக்கும் அதே உயரத்தில். எல்லாக் கதவுகளும் திறந்திருக்க வேண்டும், ஆவி தாழ்வாக வெளியேற வழி வேண்டும். தூசிக்கான துணி முகமூடி இதற்கு உதவாது. கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகக்கவசம்தான் வேண்டும். தலை கிறுகிறுத்தால் அந்த நொடியே இறங்கிவிடுங்கள்.

கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். இறுக்கமான கண்ணாடி அணியுங்கள், பக்கத்தில் சுத்தமான தண்ணீர் வைத்திருங்கள். பட்டுவிட்டால் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவிக்கொண்டே உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

நீங்கள் வாங்கும் ரெசினில், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் முன்பே கலந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். தனியாகக் கொடுத்தால், முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகே கேட்டலிஸ்ட். இரண்டும் ஒன்றோடொன்று நேராகச் சேரவே கூடாது; தீயாகவோ வெடியாகவோ முடியும். ஒரே அளவுக் குவளையைக்கூட இரண்டுக்கும் பயன்படுத்தாதீர்கள். துடைத்துக் கழுவப் பயன்படும் அசிட்டோன் இருக்கும் இடத்தில் பீடி, விளக்கு, தீப்பொறி பறக்கும் கருவி எதுவும் ஆகாது.

ஈரத்தரை எழுதியது:

நன்றி. முகக்கவசம் வாங்கிவிட்டேன். தொட்டியின் போல்ட் துளைகள்தான் இப்போது கவலை. நான்கு கால், நான்கு போல்ட். அத்தனை வேலையும் செய்துவிட்டு அதில் துளை போடுவதா?

படகுத்தச்சன் எழுதியது:

நல்ல கேள்வி. படகில் ஒவ்வொரு கொக்கிக்கும் செய்வதையே இங்கும் செய்யுங்கள். போல்ட் 10 மில்லிமீட்டர் என்றால் பலகையில் 18 மில்லிமீட்டருக்குத் துளையிடுங்கள். அடியில் நாடா ஒட்டி, இழைத்தூள் கலந்த ரெசினால் துளையை முழுக்க நிரப்புங்கள். இறுகியதும் அதன் நடுவில் 10 மில்லிமீட்டர் துளை. இப்போது போல்ட்டைச் சுற்றி நான்கு மில்லிமீட்டர் ரெசின் சுவர் நிற்கும். பின்னாளில் வாஷர் தளர்ந்து தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது. வாஷருக்கு அடியில் பாலியூரித்தேன் சீலன்ட் வைத்து இறுக்குங்கள்.

துளையிடும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். எரிபொருள் தொட்டி, பிரேக் குழாய், மின்கம்பி எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. மின்சார வண்டியானால் மின்கலமே தரைக்கு அடியில்தான். தயாரிப்பாளர் அனுமதித்த இடத்தைத் தவிர வேறெங்கும் துளை கூடாது. தொட்டியைப் பலகையோடு மட்டும் பிணைக்காதீர்கள். அவசரப் பிரேக்கில் 400 கிலோ தண்ணீர் முன்னால் பாயும். போல்ட் தகரத்தையும் தாண்டி, அடியில் கனமான இரும்புத் தகட்டோடு சட்டகத்தைப் பிடிக்க வேண்டும்.

ஈரத்தரை எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். இரண்டு அடுக்கும் போட்டாகிவிட்டது. மேட் மறைந்து மரத்தின் ரேகை தெரிந்த அந்த நிமிடத்தைக் கூரைக்காரர் எழுதியது போலவே கண்ணால் கண்டேன். ஆனால் இன்றோடு இரண்டு நாள் ஆகியும் மேற்பரப்பு கையில் ஒட்டுகிறது. கேட்டலிஸ்ட் 15 கிராம் தராசில் நிறுத்துத்தான் போட்டேன். எல்லாம் வீணா?

கூரைக்காரர் எழுதியது:

பதறாதீர்கள். நகத்தை ஊன்றி அழுத்துங்கள். உள்ளே கல்லாக இருந்து மேலே மட்டும் பிசுபிசுக்கிறதா, உள்ளேயும் பதிகிறதா?

ஈரத்தரை எழுதியது:

உள்ளே கல்தான். நாணயத்தால் தட்டினால் கணீரென்கிறது.

கூரைக்காரர் எழுதியது:

அப்படியானால் குறையே இல்லை. காற்றில் உள்ள ஆக்சிஜன் மேல் ஏட்டை மட்டும் இறுகவிடாமல் தடுக்கிறது. அடுக்குப் போடும் ரெசின் அப்படித்தான் இருக்க வேண்டும். அடுத்த பூச்சு அந்தப் பிசுபிசுப்பில்தான் பிடிக்கும். டாப்கோட்டில் மெழுகு கலந்திருக்கும். இறுகும்போது மெழுகு மேலே மிதந்து காற்றை மறைக்கும், அதனால் அது காய்ந்துவிடும். மெழுகில்லாத ஜெல்கோட் என்ற பூச்சைக் கடையில் தவறிக் கொடுத்துவிட்டால் மறுபடி இதே பிசுபிசுப்புதான், டின்னைப் படித்துப் பாருங்கள். இரண்டு நாள் ஆகிவிட்டதால், பூசும் முன் அசிட்டோன் துணியால் துடைத்து, கரகரப்பான உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். தேய்க்கும்போது தூசிக் கவசமும் முழுக்கைச் சட்டையும் அவசியம்.

படகுத்தச்சன் எழுதியது:

டாப்கோட் ஈரமாக இருக்கும்போதே காய்ந்த சிலிக்கா மணலை மேலே தூவுங்கள். ஈரக் காலோடு ஏறி இறங்கும் தரை வழுக்கக்கூடாது. தொட்டி உட்காரும் இடத்தில் மட்டும் மணல் வேண்டாம். இன்னொன்று, சுவர் கழுவ ப்ளீச் போன்ற காரக் கரைசல்களை ஏற்றிச் செல்கிறீர்களா? சாதாரணப் பாலியஸ்டரைக் காரம் நாளடைவில் அரிக்கும். அந்தக் கேன்களைத் தனித் தட்டில் வையுங்கள், சிந்தினால் அன்றே கழுவுங்கள்.

நான்குசக்கரம் எழுதியது:

இவ்வளவையும் படித்தபின் ஒன்று சொல்ல வேண்டும். என் வினைலின் ஓரத்தை நேற்றுத் தூக்கிப் பார்த்தேன். பின்கதவுப் பக்கம் பலகை கறுத்திருக்கிறது. மழைக்காலம் வருவதற்குள் நானும் விளிம்புகளுக்கு ரெசின் கொடுக்கப்போகிறேன்.

ஈரத்தரை எழுதியது:

டாப்கோட் பூசி ஒரு வாரம் காயவிட்டேன். தொட்டியை ஏற்றும் முன் சோதித்துவிடலாம் என்று, பின்கதவு ஓரத்தில் 2 சென்டிமீட்டர் வரம்பு கட்டி, தரையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன். வண்டிக்கு அடியில் தாள்களை விரித்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தேன். இடப்பக்கச் சக்கர வளைவுக்குக் கீழே மட்டும் தாளில் ஒரு கைப்பிடி அளவு ஈரம். பார்த்தால், ஓரப்பலகையைச் சக்கர வளைவின் தகரத்தில் முட்டி நிறுத்திய இடத்தில் ஃபைபரைத் தகரத்தின் மேலும் இரண்டு விரல் ஏற்றியிருந்தேன். அங்கே மட்டும் கத்தி நுனி நுழையும் அளவுக்கு விட்டுக்கொண்டு நின்றது. படகுத்தச்சன் ஐயா முதல் நாளே சொன்னது கண் முன்னால் நடந்திருந்தது.

படகுத்தச்சன் எழுதியது:

தகரத்தின் மேலிருக்கும் அந்த இரண்டு விரலையும் அறுத்தெடுத்துவிடுங்கள். ஃபைபர் ஓரப்பலகையோடு நிற்கட்டும். பலகைக்கும் வளைவுக்கும் நடுவே 6 மில்லிமீட்டர் சந்து விட்டு, பாலியூரித்தேன் சீலன்ட்டால் நிரப்புங்கள். அது ரப்பர்போல இழுபடும். தகரம் அதிர்ந்தாலும் விடாது. அறுத்த முகத்துக்கு முதலில் ரெசின் பூச மறக்காதீர்கள்.

ஈரத்தரை எழுதியது:

செய்துவிட்டேன். வலப்பக்கத்தில் கசிவில்லை என்றாலும் அங்கேயும் அறுத்து அப்படியே செய்தேன். மறுபடி தண்ணீர் ஊற்றி இரவு முழுவதும் விட்டேன். காலையில் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்து வடிகால் துளைகள் ஒவ்வொன்றையும் பார்த்தேன். விரலை விட்டுத் தடவியதில் உலர்ந்த தூசிதான் ஒட்டியது. நாளை தொட்டியை ஏற்றுகிறேன்.